மருதமடுக் காட்டின் மாட்டுப்பட்டிகள்

கொழும்பு நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கரைப் பற்றிப் பேசுவோர் கடலையும் கடல்சார்ந்த ஜீவனோபாயங்களையுமே முதலில் நினைப்பது வழக்கம். கொட்டாஞ்சேனையிலும் கொச்சிக்கடையிலும் முகத்துவாரத்திலும் குடியேறிய பரதவ குலத்தாரும், கொழும்புச் செட்டிமாரும், துறைமுகத்தில் உழைத்துச் சீவித்தோரும் இந்நகரின் வேதசரித்திரத்திற் பெற்றிருக்கும் இடம் பெரிது. அதை எவரும் குறைத்துரைக்க இயலாது. ஆயினும், ஆண்டுதோறும் ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் புனித லூசியாள் பேராலயத்தைச் சூழ்ந்த வீதிகளிலிருந்து மடுவுக்குப் புறப்படும் யாத்திரிகர், அந்த வனத்தை அடைந்து மரநிழலிற் கூடாரமடித்துத் தங்கும் நாட்களிலே, காட்டோரமாக மேய்ந்து திரியும் சிறுத்த கொம்பும் மெலிந்த உடலுமுடைய நாட்டுமாடுகளைக் கண்டு கடந்துபோகிறார்களேயன்றி, அம்மாடுகளை வளர்ப்போரும் தம்மைப்போலவே செபமாலை பிடிக்கும் ஜனங்களென்பதையும், அவர்களுடைய குலத்தொழிலுக்கும் அந்தத் திருத்தலத்துக்கும் இடையே பழைய உறவொன்று உண்டென்பதையும் பெரும்பாலும் சிந்திப்பதில்லை.

இங்கே நான் சொல்லப்புகும் பட்டிக்காரர் மன்னார்த் தீவின் கரையூர்களைச் சேர்ந்தவரல்லர். கடலுக்கு இக்கரையில், அருவியாற்றின் இருமருங்கிலும், கட்டுக்கரைக் குளத்தின் நீர்பாயும் வயல்வெளிகளிலும், அவற்றுக்கு அப்பாற் காடாக விரிந்து செல்லும் மடுப் பிரதேசத்திலும் உள்ள உயிலங்குளம், பறப்பாங்கண்டல், அடம்பன், ஆட்காட்டிவெளி, முருங்கன், பெரியபண்டிவிரிச்சான் முதலிய கிராமங்களின் கமக்காரரே இவர்கள். நெல்லும் மாடும் இவர்களுக்கு இருவேறு தொழில்களல்ல. மாடில்லாதவனுக்கு வயலை மிதித்துப் பண்படுத்தவும், கதிரைச் சூடடிக்கவும், நிலத்துக்கு எருவிடவும் வழியில்லை. வயலில்லாதவனுக்கோ அறுவடைக்குப் பின் மாட்டை நிறுத்தத் தாள்நிலம் இல்லை. ஒரு குடும்பத்தின் செல்வத்தை அளவிட விரும்பியவன் முதலில் விசாரித்தது அந்தக் குடும்பத்தின் பட்டி எவ்வளவு பெரிதென்பதையே.

இந்த ஜனங்கள் காட்டுக்கு வந்த வரலாறு வேதகலாபனையின் வரலாறாகும். 1658ஆம் ஆண்டில் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பறங்கியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிக் கொண்டபின், கத்தோலிக்கக் குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுப்பது பெருங்குற்றமாயிற்று. ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் பிரசங்க மண்டபங்களாயின. 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தாம் வணங்கிவந்த தேவமாதாவின் திருச்சொரூபத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு அகன்று, ஒல்லாந்தரின் கை எளிதில் எட்டாத எல்லைக் காட்டிலே, மருதமடுவென்னும் இடத்தில் தங்கின. யாழ்ப்பாணத்திலிருந்தும் எழுநூறு பேரளவிலானோர் வன்னிக்குள் புகுந்து இவர்களோடு கலந்தனர் என்பது மடுத் திருத்தலத்தின் பாரம்பரியம். பறங்கித் தளபதியொருவனின் புதல்வியாகிய எலேனா என்னும் பெண்மணி அங்கே முதலாவது சிற்றாலயத்தைக் கட்டுவித்தாள் என்றும் அப்பாரம்பரியம் கூறும்.

அக்காலத்தில் அக்காடு எத்தன்மைத்தாயிருந்தது என்பதை அறிய நமக்கு நல்லதொரு சாட்சி உண்டு. கண்டியரசனின் சிறையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கிடந்த ஆங்கில மாலுமியாகிய றொபேட் நொக்ஸ், 1679ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் தன் தோழன் ஸ்டீவன் றட்லண்டோடு தப்பி, அருவியாற்றின் போக்கையே வழித்துணையாகக் கொண்டு நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டையைச் சேர்ந்தான். யானையும் கரடியும் காட்டெருமையும் நிறைந்த, மனிதசஞ்சாரம் அரிதான வனமாகவே அந்த ஆற்றங்கரை அவனுக்குத் தோன்றியது. நொக்ஸ் உயிர்தப்ப ஓடிவந்த அதே வனத்தின் அண்டையிலேதான், அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், மாந்தைக் குடும்பங்கள் உயிரோடு விசுவாசத்தையும் காப்பாற்றும் பொருட்டுக் குடிபுகுந்திருந்தன.

இத்தகைய வாழ்வுக்கு மாட்டைவிட ஏற்ற சம்பத்து வேறில்லை என்பது என் கருத்து. கலாபனைக் காலத்தில் வயலுடையவன் வயலை விட்டோட வேண்டும். தென்னை பனை உடையவன் மரத்தை விட்டோட வேண்டும். மாடுடையவனோ தன் செல்வத்தை முன்னே ஓட்டிவிட்டுப் பின்னே தான் நடக்கலாம். காடு வெட்டி விதைத்த நிலம் பலன்தரும்வரை பாலும் தயிரும் பிள்ளைகளின் பசியை ஆற்றும். இருந்த இடத்துக்கு ஆபத்து வந்தால் அடுத்த குளத்தின் அலைகரைக்குப் பட்டியை மாற்றிக்கொள்ளலாம். மன்னார்ப் பெருநிலத்தின் கத்தோலிக்கர் தம் தொழிலிலே பிற்காலத்தில் எவ்வளவு மாற்றங்கண்டபோதும் மாட்டை மாத்திரம் கைவிடாதிருந்ததற்கு, அது சோறு போட்டது என்பதோடு, ஓடிய காலத்தில் தம்மோடு ஓடிவந்தது என்னும் பழைய நினைவும் காரணமாயிருந்திருக்க வேண்டும்.

குருமாரில்லாத அந்த வனத்திலே விசுவாசம் எவ்வாறு நிலைத்தது? 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்திறங்கி, 1711இல் கண்டியிற் காலஞ்சென்ற புனித யோசேப்வாஸ் அடிகளும், அவரைப் பின்பற்றி வந்த ஒறற்றோரியன் சபைக் குருமாரும், ஊருக்கு ஊர் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்துச் சென்றார்கள். சுவாமியார் ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலும் வராவிட்டாலும், பிள்ளைகளுக்கு மந்திரங்களைப் படிப்பிப்பதும், ஞாயிற்றுக்கிழமையிற் சனங்களைக் கூட்டிச் செபிப்பதும், மரணத்தறுவாயில் இருப்போரின் அருகே நின்று ஆறுதல் சொல்வதும் இவர்களுடைய கடமையாயின. பட்டியோடு காட்டிலே கிடப்பவனுக்கு இந்த ஏற்பாடும் எட்டாத நாட்கள் பல. கோயில்மணி கேட்காத இடத்தில் சூரியன் நின்ற நிலையைப் பார்த்துத் திரிகாலசெபம் சொல்லிக்கொள்வதும், வெள்ளிக்கிழமையிற் சுத்தபோசனம் காப்பதும், தபசுகாலத்தில் ஒருசந்தி இருப்பதும், தலைப்பன்றிக்கும் பாம்புக்கும் அஞ்சி மடுமாதாவின் திருத்தலத்து மண்ணை முடிந்து மடியில் வைத்துக்கொள்வதும் அவனுடைய வேதாசாரங்களாயின. அந்த மண் பாம்புக்கடிக்கு அருமருந்தென்னும் நம்பிக்கை பிற்காலத்தில் இலங்கை முழுவதும் பரந்து, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் உள்ள வீடுகளிற்கூட அது பேணி வைக்கப்பட்டதாயினும், நாள்தோறும் புதரிலும் புற்றிலும் கால்வைத்து நடந்த பட்டிக்காரனுக்கே அது இன்றியமையாத துணையாயிருந்தது.

பட்டிக்காரனின் ஆண்டு, மழையின் ஆண்டாகும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மாரி பிடித்துக் காலபோக வயல்கள் விதைக்கப்படும்போது, ஊரின் கமக்காரர் கூடி இன்ன நாளுக்கு முன் மாடுகளை வயற்புறத்திலிருந்து அகற்றிவிட வேண்டுமென்று முடிவு செய்வார்கள். அந்த நாள் தொடங்கி அறுவடை முடியும்வரை பட்டியும் அதனோடு செல்லும் ஆண்களும் காட்டிலே வாடியமைத்து வாழ்வார்கள். பாலையும் வீரையும் முதிரையும் அடர்ந்த காட்டினூடே ஆங்காங்கு அமைந்திருக்கும் புல்வெளிகளான தரவைகளே அக்காலத்தில் மாட்டுக்கு உணவு. மாசி பங்குனியில் நெல் அரியப்பட்டபின் பட்டி ஊருக்குத் திரும்பும். சூடடிக்கும் களத்திலே சுற்றிச்சுற்றி நடந்து கதிரை மிதிக்கும். வெட்டிய வயலில் தாளை மேய்ந்து, இரவிலே அங்கேயே கிடந்து நிலத்துக்கு எருவிடும். ஆனி ஆடியிற் சோளகம் வீசிக் குளங்கள் வற்றும்போது, நீர் பின்வாங்கிய அலைகரைகளில் முளைக்கும் பசும்புல் அடுத்த மாரிவரை உயிரைப் பிடித்துவைக்கும். அந்தக் கோடைதான் மடுத் திருவிழாக்களின் காலமும். வயல் ஓய்ந்து, பட்டி ஊரை அண்டிக் கிடக்கும் நாட்கள் அவை. ஆகையால் வீட்டுத் தலைவன் நவநாட்கள் ஒன்பதையும் குடும்பத்தோடு மடுவிலே கழிக்க இயன்றது.

அந்திவேளையில் ஒரு பட்டியருகே நின்று பார்த்தவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். பாலைக் கட்டைகளை நாட்டி முட்கிளைகளை அடைத்து வளைத்த வேலியே காலை எனப்படுவது. அதன் ஒரு மூலையிலே கன்றுகளுக்கென்று தனியாக ஓர் அடைப்பு. பகல் முழுவதும் அங்கே நின்ற கன்றுகள், தாய்மாடுகளின் காலடியோசை தூரத்தே கேட்ட மாத்திரத்தில் வேலியை முட்டிக் கதறத் தொடங்கும். மாடுகள் தாமாகவே வாயிலில் நெருங்கி நுழைய, முதியவர் ஒருவர் அருகே நின்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைத்து எண்ணுவார். எத்தனை என்று அவர் எண்ணுவதில்லை, எது வரவில்லை என்றே எண்ணுகிறார். வராதது நிறைச்சினையான நாகாயின் இளைஞன் ஒருவன் கத்தியும் தீவட்டியுமாக அதைத் தேடிப் புறப்படுவான். சாணமும் பச்சிலையும் போட்டு மூட்டிய புகை, ஈயையும் கொசுவையும் ஓட்டும்பொருட்டு நிலத்தோடு நிலமாகப் பரந்து கிடக்கும். பால் கறப்பது விடியற்காலையில்: கன்றை அவிழ்த்துவிட்டு, அது முட்டிச் சப்பிப் பால் சுரந்தபின் இழுத்துத் தாயின் முன்னங்காலோடு கட்டி, சிரட்டையிலோ முட்டியிலோ கறந்துகொண்டு, மடியில் ஒருபங்கை மிச்சம் வைத்துக் கன்றை மீண்டும் விடுவார்கள். இந்த நாட்டுமாடு நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு லீற்றர் பாலுக்கு மேல் தருவதில்லை. அதைக் குறையாகச் சொல்லும் உத்தியோகஸ்தர், மழையிலும் வெயிலிலும் கூரையின்றிக் கிடந்து, தீவனமென்று ஒரு பிடியும் விலைகொடுத்து வாங்காமல், உண்ணியையும் வரட்சியையும் தாங்கி ஆண்டுக்காண்டு கன்றீனும் அதன் உறுதியைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

காணாமற்போன மாட்டுக்கு அந்தோனியாரிடம் நேர்வது பட்டிக்காரரின் வழக்கம். பாதுவைப் பதியராகிய அப்புனிதர் இழந்த பொருளைக் கண்டெடுத்துத் தருபவரென்பது கத்தோலிக்க உலகம் முழுவதற்கும் பொதுவான நம்பிக்கையே. கொழும்பிலே கொச்சிக்கடைக் கோயிலில் செவ்வாய்க்கிழமைதோறும் சாதிமத பேதமின்றித் திரளும் ஜனங்கள் எத்தனையோ இழப்புகளை அவர் பாதத்திற் சொல்லிக்கொள்கிறார்கள். காட்டிலே அவரிடம் சொல்லப்பட்டது பெரும்பாலும் ஒரே இழப்பு. மாடு அகப்பட்டால் பட்டியின் தலைக்கன்றைக் கோயிலுக்குக் கொடுப்பதும், திருநாளன்று அதை ஏலங்கூறி வந்த பணத்தைக் கோயிற்செலவுக்குச் சேர்ப்பதும் நேர்த்திக்கடனாயிருந்தன. கொள்ளைநோய்க் காலத்திற் செபஸ்தியாருக்கு நேர்ந்தார்கள். இவர்களின் இந்து அயலவர் ஐயனாருக்குப் பொங்கியும், தை மாதத்திற் பட்டிப்பொங்கலிட்டு மாட்டுக்கு மாலைசூட்டியும் செலுத்திய நன்றிக்கும் இதற்கும் ஊற்று ஒன்றே. ஒரே தரவையில் இருவருடைய மாடுகளும் கலந்து மேய்ந்தன. மாடு தவறினால் இருவரும் சேர்ந்தே தேடினார்கள்.

கலந்து மேய்ந்த மாடுகளைப் பிரித்தறிய உதவியது குறி. குறிசுடும் நாள் குடும்பத்தார் எல்லோரும் கூடும் நாளாகும். வேலியின் புறத்தே விறகுத்தணலில் இரும்புக் கம்பிகள் சிவந்துகொண்டிருக்க, வார்க்கயிற்றை வீசி நாம்பனைச் சுருக்கிட்டு வீழ்த்தி, நால்வர் அதை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, கைதேர்ந்த ஒருவர் தொடையிலும் விலாவிலும் எழுத்தை இழுப்பார். உரோமம் கருகும் நாற்றம் எழும். சுட்ட புண்ணிலே வேப்பெண்ணெய் தடவி எழுப்பி விடுவார்கள். அந்த எழுத்துகள் உடையவனின் பெயரையும் தகப்பன் பெயரையும் சுட்டும்; பழைய நாட்களில் குலத்தைக் காட்டும் குறியும் அதனோடு சேர்ந்திருந்தது. எழுத்தறியாத முதியவரும் காட்டிலே நூறு பாகத்துக்கு அப்பால் நிற்கும் மாட்டின் குறியைக் கண்டு, அது இன்னாருடைய மகளுக்குச் சீதனமாகப் போன பசுவின் வழிவந்ததென்று சொல்லிவிடுவார்.

சீதனம் என்றவுடன் இங்கே சட்டத்தைப் பற்றியும் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. ஒல்லாந்தருடைய ஆட்சியிலே திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்து, 1707இல் சட்டமாக வெளியிடப்பட்ட தேசவழமை, வடபகுதித் தமிழரின் ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என மூன்றாக வகுத்தது. நிலத்துக்கு இந்தப் பாகுபாடு எளிது; ஈன்று பெருகும் மாட்டுக்கோ எளிதன்று. மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த ஐந்து பசுக்கள் பத்தாண்டிலே இருபதானால், மிகுதியாகிய மாடுகள் யாருடையவை? சீதனத்திலிருந்து விளைந்த ஊதியம் கணவன் மனைவி இருவருக்கும் உரிய தேடியதேட்டமென்பதே பழைய வழமை. ஆகையால், தகப்பனின் குறி, மனைவி கொண்டுவந்த மாட்டின் குறி, இருவரும் சேர்ந்து தேடியவற்றின் குறி என ஒரே காலைக்குள் ஒரு குடும்பத்தின் விவாகங்களும் வாரிசுகளும் மாட்டின் தோலிலேயே எழுதப்பட்டுக் கிடந்தன. பிரித்துக்கொண்டால் இருபது இருபதாகச் சிதறிப்போகும் பட்டியைச் சகோதரர் ஒன்றாகவே வைத்து முறைபோட்டுக் காவல் காத்தனர். பிறருடைய பட்டியை மேய்த்தவனுக்குப் பாலும் கன்றுகளில் ஒரு பங்கும் கூலியாகக் கிடைத்தன. ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்த இளைஞன் சில ஆண்டுகளில் தன் குறியைச் சுட்டுத் தனிப்பட்டி கட்டவும் இது வழியாயிற்று. மாட்டை உத்தேசித்துச் சேர்ந்திருந்த குடும்பங்கள் மாலையிலே ஒரே செபமாலைக்கும் கூடின. குடும்பத்தைக் கட்டியது எது, பட்டியா செபமாலையா என்று கேட்டால், அவற்றைப் பிரித்துக் காட்ட அவர்களாலேயே இயலாது.

ஆனால், இத்தனை உறுதியாகக் குறியிட்டுக் காத்த மாட்டுக்கு உரிமை இருந்ததேயன்றி, அது மேய்ந்த நிலத்துக்கு உறுதி இருக்கவில்லை. ஆங்கில அரசாங்கம் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால், காடும் தரிசும் குடியற்ற நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியனவே என்று பிரகடனஞ்செய்தது. மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேடிய காலத்துச் சட்டம் அது. அதன் கொடுமையைக் கண்டிச் சிங்களக் கிராமத்தவரின் பேரிலே பலர் எழுதியிருக்கிறார்கள். வன்னிக் காட்டிலே தோட்டம் வைக்க எவரும் வரவில்லையாதலால் அச்சட்டம் அங்கே உடனடியாக எவரையும் துரத்தவில்லை. ஆயினும், தலைமுறை தலைமுறையாக மேய்த்த தரவை அன்று முதல் இவர்களுக்குச் சட்டத்தின் முன் அந்நிய நிலமாயிற்று. 1876ஆம் ஆண்டின் மாட்டு அத்துமீறல் சட்டம், பயிரிலே இறங்கிய மாட்டைப் பிடித்துக் கட்டவும் தண்டம் அறவிடவும் வகைசெய்து, விதானையாருக்கும் பட்டிக்காரருக்கும் முடிவில்லாத வழக்குகளைக் கொடுத்தது. பயிர் காக்கப்பட வேண்டியதே. பயிருக்கு வேலி எல்லை கண்ட சட்டம் மாட்டுக்கு ஒரு மேய்ச்சல் எல்லையைக் காணாமற்போனதே குறை. இன்றைய இடர்ப்பாடுகள் பெரும்பாலும் அந்தக் குறையிலிருந்தே தொடங்குகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மருதமடுவின் நிலை உயர்ந்தது. யாழ்ப்பாணத்து மேற்றிராணியாராயிருந்த பொன்ஜீன் ஆண்டகை 1872இல் அங்கே புதிய ஆலயத்துக்கு அத்திவாரக்கல் நாட்டினார். அதே ஆண்டகை 1883இல் கொழும்புக்கு மாற்றப்பட்டு, 1886இல் கொழும்பின் முதலாவது அதிமேற்றிராணியாராகி, கொட்டாஞ்சேனைப் பேராலயத்தைத் தம் ஆசனக்கோயிலாகக் கொண்டு 1892இல் காலமானார். வன்னிக் காட்டையும் கொட்டாஞ்சேனையையும் ஒரே மனிதரின் வாழ்க்கை இணைத்த விதம் இது. கொழும்புக் கத்தோலிக்கரின் மடுப்பக்தி பெருகிய காலமும் அதுவே. அக்காலத்து யாத்திரை மாட்டுவண்டியில் நடந்தது. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று கடலோரமாக நாட்கணக்கில் உருண்டு சென்ற கூடாரவண்டிகளுக்குக் களைத்த மாட்டை மாற்றவும், குடிக்கப் பால்தயிர் பெறவும் வழிநெடுகப் பட்டிகளே உதவின. நகர வாழ்வும் அந்நாளில் மாட்டின் தோளிலேதான் நின்றது: கோப்பியை மலையிலிருந்து இறக்கியதும், துறைமுகத்திலிருந்து பண்டசாலைகளுக்குச் சரக்கைச் சேர்த்ததும் காளைவண்டிகளே. 1906ஆம் ஆண்டு கொழும்பு வண்டிக்காரர் வேலைநிறுத்தம் செய்தபோது நகரின் வர்த்தகமே ஸ்தம்பித்துப்போயிற்று. 1914இல் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபின், மடு றோட் நிலையத்தில் இறங்கிய யாத்திரிகருக்குக் காட்டினூடே மிச்சமிருந்த சில மைல்களுக்கு மாத்திரமே மாடு தேவைப்பட்டது. 1924ஆம் ஆண்டு ஆடி 2ஆம் நாள் மடுமாதாவின் சொரூபத்துக்கு முடிசூட்டப்பட்ட பெருவிழாவுக்கு வந்த திரளான ஜனங்களை அப்புகையிரதமே கொண்டுவந்து சேர்த்தது.

பட்டிக்காரனை ஒரே மாதத்தில் ஏழையாக்கவல்லது ஒன்று இருந்தது: கொள்ளையென்றும் வெக்கையென்றும் சொல்லப்பட்ட மாட்டுநோய். காய்ச்சல் கண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, வாய் புண்ணாகி, இடைவிடாது கழிந்து, ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் மாடு விழுந்துவிடும். பட்டியிலே ஒன்றுக்கு வந்தால் பெரும்பகுதிக்கும் வரும். 1909, 1910ஆம் ஆண்டுகளில் தென்கோடியிலே அம்பாந்தோட்டையில் அந்நோய் பரவியபோது, அங்கே உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ஃப், கட்டிவைக்கும் கட்டளையை மீறித் திரிந்த நோய்மாடுகளைச் சுடுவிக்கவும் தாமே சுடவும் நேர்ந்ததையும், அதனால் ஜனங்கள் தம்மை வெறுத்ததையும் மனம்நொந்து எழுதிவைத்திருக்கிறார். இந்தியாவில் முக்தேசுவரத்திலே எட்வர்ட்ஸ் என்பவர் நோய்க்கிருமியை ஆட்டின் உடலில் மாற்றிமாற்றி ஏற்றி வலுவைக் குறைத்துக் கண்ட தடுப்பூசி பரவியபின் நிலைமை மாறிற்று. 1946க்குப் பின் நாற்பது ஆண்டுகளாக இலங்கையில் அந்நோய் இல்லை. பின்னர், 1987இல், இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளின் வழியே அது மீண்டும் புகுந்ததென்று கால்நடை வைத்தியர் கண்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பட்டிகள் அழிந்தன. யுத்தத்தின் நடுவே ஊசி ஏற்றச் செல்லும் வைத்தியர் இரண்டு தரப்புக் காவலரண்களையும் கடக்க வேண்டியிருந்தது. 1990களின் நடுப்பகுதியில் நோய் ஒடுங்கியது. 2011இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

யுத்தம் செய்த அழிவு நோய் செய்ததினும் பெரிது. 1990 முதல் மன்னார்ப் பெருநிலத்து ஜனங்கள் தம் மூதாதையரைப்போலவே மருதமடுவுக்கு ஓடி, ஆலய வளவிலே பல்லாயிரக்கணக்கில் அகதிகளாகத் தங்கினார்கள். 1999ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் அந்த வளவிலேயே எறிகணைகள் வீழ்ந்து, அடைக்கலம் புகுந்திருந்த ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். 2008ஆம் ஆண்டு சித்திரையில், போர்முனை ஆலயத்தை நெருங்கியபோது, குருமார் மாதாவின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றார்கள்; 1670இல் மாந்தையை விட்டுப் புறப்பட்ட அச்சொரூபம் மீண்டும் ஒருமுறை இடம்பெயர்ந்தது. ஜனங்களோ அதற்கும் அப்பால், கிழக்கே முல்லைத்தீவுக் கரைவரை துரத்தப்பட்டார்கள். முன்னாளில் முன்னே ஓட்டிச்செல்லக்கூடியதாயிருந்த மாடு இந்த ஓட்டத்திலே உதவவில்லை. எறிகணைக்கு நடுவே பட்டியை ஓட்டுவது எங்ஙனம்? காலையின் வாயிலைத் திறந்துவிட்டு, கட்டியிருந்த கன்றுகளின் கயிற்றையும் அறுத்துவிட்டுப் போனவர்களே பலர். பிள்ளைகளையும் முதியோரையும் கொழும்புக்கு அனுப்பியவர்களும் உண்டு. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாடிவீடுகளில் ஒடுங்கியிருந்த வன்னி முதியவர்கள், பொதியிற் பாலை ஊற்றித் தேநீர் கலக்கும்போது தம் பசுக்களைப் பெயர்சொல்லி நினைந்துகொண்டார்கள்.

2009க்குப் பின் ஊர்திரும்பியோர் கண்டது கூரையற்ற வீடும், பற்றை மூடிய வயலும், காடுகளிலே குழுமாடுகளைப்போலத் திரிந்த மந்தைகளும். அப்போது உதவியது பழைய குறிதான். வாரக்கணக்காகக் காட்டிலே அலைந்து, தொடையில் மங்கிப்போன எழுத்தைத் தேய்த்துப் பார்த்து, ஒன்றிரண்டாகத் தம் மாடுகளை அடையாளங்கண்டு மீட்டவர்கள் இருக்கிறார்கள். யுத்தகாலத்திற் காட்டிலே ஈன்றவை குறியற்றனவாதலால் அவை யாருக்குரியனவென்று வழக்கிட்டுக் கொண்டவர்களும் இருக்கிறார்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு தை 14ஆம் நாள் காலையிற் கொழும்புக் காலிமுகத்திடலிலே யோசேப்வாஸ் அடிகளைப் புனிதராகப் பிரகடனஞ்செய்து, அன்று பிற்பகலே மடுவுக்கு வந்து செபித்தபோது, அந்தக் கூட்டத்தில் நின்ற பட்டிக்காரர் பலரின் காலைகளிலே அவர்கள் விட்டுச்சென்றதிற் பத்திலொன்றும் இருக்கவில்லை.

மாடு மெல்லப் பெருகிவிடும்; அது அதன் சுபாவம். நிலம் பெருகாது. மடுவைச் சூழ்ந்த காட்டின் ஒரு பெரும்பகுதி 1968இல் சரணாலயமாகவும் 2015இல் தேசிய வனமாகவும் பிரகடனஞ்செய்யப்பட்டது. யானைக்கும் மானுக்கும் இடம் வேண்டுமென்பதை நானும் ஒப்புகிறேன். காட்டை அழிக்காமல் காட்டோடு வாழ்ந்த தொழில் ஒன்று உண்டானால் அது மாட்டுப்பட்டியே என்பதை அதிகாரிகளும் ஒப்ப வேண்டும். இப்போது மாரியில் வயற்புறத்தினின்று மாட்டை அகற்றுமாறு கூட்டத்திலே தீர்மானிக்கிறார்கள். அகற்றிய மாட்டை எங்கே கொண்டுபோவதென்று கேட்டால், ஒருபுறம் வனத்திணைக்களத்தின் எல்லைக்கல்லும், மறுபுறம் புதிய வயல்களின் வேலியும் நிற்கின்றன. இது மன்னாருக்கு மாத்திரமுரிய துன்பமன்று. மட்டக்களப்பிலே மயிலத்தமடு, மாதவனைப் பகுதிகளின் பண்ணையாளர் தம் மேய்ச்சல்நிலம் அபகரிக்கப்படுவதாக 2023ஆம் ஆண்டிலே வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கியதும் இதே காரணத்தாலேதான்.

ஒவ்வொரு பிரதேச செயலாளர் பிரிவிலும் மேய்ச்சல் தரவைகளை அளந்து, எல்லையிட்டு, வர்த்தமானியிற் பிரசுரித்துத் தரவேண்டுமென்பதே பட்டிக்காரர் பல ஆண்டுகளாகக் கேட்டுவருவது. 1840இல் ஒரு சட்டத்தால் முடிக்குரியதாக்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியை இன்னொரு கட்டளையால் மாட்டுக்கென ஒதுக்குவது அரசாங்கத்துக்கு அரிதான காரியமன்று. அதுவரைக்கும் உயிலங்குளத்துப் பட்டிகளும் பண்டிவிரிச்சான் பட்டிகளும் ஐப்பசி பிறந்ததும் குளக்கட்டோரங்களிலும் பெருந்தெருவின் கரைகளிலும் இரவைக் கழிக்கின்றன. வாகனத்தில் அடிபட்டு இறக்கும் மாட்டின் குறியைப் பார்த்து உடையவனுக்கு ஆளனுப்பும் வழக்கம் மாத்திரம் இன்னும் மாறவில்லை.